மாடிக் கதவும் ஒரு சாண் நூலும்

நூலக்கா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் எடுத்த எடுப்பில் செருப்பைக் கழற்றமாட்டாள். வாசலில் நின்று மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்துப் பார்ப்பாள். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று மூக்கு சொன்ன பிறகுதான் செருப்பு கழலும். அன்றைக்கு மூக்கு அப்படிச் சொல்லவில்லை. சிகரெட் வாசனை. லேசாக, இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவைக்கிற அளவுக்குத்தான். வேறு யாராக இருந்தாலும் விட்டுத் தொலைத்திருப்பார்கள்.

உள்ளே அவள் கணவர் சன்னலோர மேசையில் ஒரு தையல் மிஷினைக் கவிழ்த்துப்போட்டு அதன் வயிற்றுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மிஷின் பழுதுபார்ப்பது அவர் தொழில், வீடுதான் பட்டறை.

“யாராவது வந்தாங்களா?”

“இந்த வெயில்ல யாரு வருவா?”

“சும்மாதான் கேட்டேன்.”

அவள் வாழ்க்கையில் எதையும் சும்மா கேட்டவள் இல்லை. மிஷினைப் பார்ப்பதுபோலக் குனிந்து அவர் சட்டைக் காலரை முகர்ந்தாள். மிஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், அதற்கு அடியில் கிராம்பு.

“கிராம்பு எதுக்கு?”

“பல்லு வலி.”

“எந்தப் பல்லு?”

அவர் வாயைத் திறந்து வலது கடைவாயில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். நாலு நாள் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் மறுபடி கேட்டாள். அதே பல்லைக் காட்டினார். இன்னொருத்தியாக இருந்தால் இதோடு சமாதானமாகியிருப்பாள். இவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. பல்வலிக்காரன் ஒரு நாள் இந்தப் பல் என்பான், ஒரு நாள் பக்கத்துப் பல் என்பான். இவ்வளவு கச்சிதமாக ஞாபகம் வைத்திருக்கிற மனுஷர் கேள்வி வரும் என்று காத்திருந்தவர்தான் என்று அவளுக்குப் பட்டது.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. சந்தேகப்படுவதுதான் அவள் வேலையே. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சாயப்பட்டறையில் உலர்த்தும் கூடம் அவள் பொறுப்பு. பதினெட்டு வயதில் ஈர நூல் கட்டுகளான சிட்டங்களைச் சுமக்கப் போனவள், சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கி, முப்பது வயதுக்குள் கூடத்தின் சாவியை வாங்கிவிட்டாள். சாயத் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட வரும் நூல் சிட்டங்களைக் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைக்கிற இடம் அது. தரையோரமாக நீராவிக் குழாய்கள் ஓடும். சுவரின் அடியில் சுற்றிலும் பலகைச் சன்னல்கள், கூரை உச்சியில் வரிசையாகத் திறப்புகள். எந்தச் சன்னலை எத்தனை விரல் திறப்பது, எதைச் சாத்துவது என்பதுதான் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. காற்று ஒரு பக்கமாகவே அடித்தால் சிட்டத்தின் பாதி காய்ந்து பாதி ஈரமாக நிற்கும், ஈரம் நின்ற பக்கம் சாயம் இறங்கித் திட்டுத் திட்டாகிவிடும். திட்டு விழுந்தால் திட்டு வாங்குவது அவள்.

குழாய்ச் சூடு பட்ட காற்று லேசாகி மேலே ஏறும், கூரை வழியாக வெளியே போகும். அது போனதும் கீழே அழுத்தம் குறைந்துவிடும். வெளியே நிற்கிற கனத்த காற்று அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா, பலகைச் சன்னல் வழியாக முண்டியடித்துக்கொண்டு உள்ளே வரும். பஸ்ஸில் ஒருவர் எழுந்தால் பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்தில் போய் விழுகிறாரே, காற்றும் அவ்வளவுதான் என்பாள் அவள். காற்றை எதுவும் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுவதால்தான் வருகிறது. இதை மாற்றிச் சொன்னவர்களிடம் அவள் சண்டைக்கே போயிருக்கிறாள்.

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சன்னலிலும் ஒவ்வொரு கூரைத் திறப்பிலும் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நூல் உள்பக்கம் சாய்ந்தால் காற்று வருகிறது, வெளிப்பக்கம் சாய்ந்தால் போகிறது. இடுப்பில் எந்நேரமும் நாலைந்து துண்டு நூல் செருகியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்ச, பட்டறைக்கும் தெருவுக்கும் அவள் நூலக்கா ஆகிவிட்டாள்.

முன்பெல்லாம் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப்போய்ப் பட்டறையிலேயே சாப்பிடுவாள். போன வருஷம் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. பகல் நேரம். தையல் மிஷின்களுக்கு நடுவே தரையில் விழுந்து, கூப்பிடக் குரல் வராமல், ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். மிஷினை வாங்கிப்போக வந்த ஒரு பெண்மணி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு படிக்கட்டுப் பக்கத்துச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் வராமல் போயிருந்தால் என்ற நினைப்பு நூலக்காவை விடவில்லை. அன்றிலிருந்து டப்பாவை மூலையில் போட்டாள். மத்தியானம் கூடத்தைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிகரெட்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதும், அவர் கட்டிலருகே நின்று அவள் ஒன்று சொன்னாள்.

“இனிமே ஒரே ஒரு சிகரெட் பிடிச்சீங்கன்னு தெரிஞ்சாலும் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க சாகறதை உக்காந்து வேடிக்கை பாக்க என்னால முடியாது. போனா திரும்ப வரமாட்டேன்.”

“தொடமாட்டேன்” என்றார் அவர். சொன்னதைச் செய்கிறவள் அவள் என்பது இருவருக்குமே தெரியும்.

இப்போது இந்த வாசனை. சாயங்காலமும் சில நாள் வந்தது, மத்தியானம் அநேகமாகத் தினமும் வந்தது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். மேசை டிராயரைக் குடைந்தாள், பாபின் டப்பாக்களைக் கவிழ்த்தாள், குப்பைக் கூடையைக் கிளறினாள். ஒரு தீக்குச்சிகூடக் கிடைக்கவில்லை. ஒரு நாள் அவர் செருப்பில் சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது.

“இது என்ன?”

“சுவத்துல ஆணி அடிச்சேன். செங்கல் தூள்.”

சுவர் சுவராகப் பார்த்தாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி இருக்கத்தான் செய்தது. அதில் எதுவும் மாட்டவில்லை. எதையும் மாட்டுகிற உத்தேசம் இல்லாமல் ஒருவர் ஆணி அடிப்பாரா என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு பழைய காலண்டரை எடுத்து அதில் மாட்டிவைத்தாள். சந்தேகம் மட்டும் எதிலும் மாட்டாமல் நின்றது.

கடைசியில் ஒரு சாயங்காலம் இடுப்பிலிருந்து நூலை எடுத்தாள். அவர்கள் வீடு மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். வீட்டுக் கதவின் அடி இடுக்கில் நூலைப் பிடித்தாள், அது உள்ளே சாய்ந்தது. சமையலறையின் மேல் சன்னலில் பிடித்தாள், வெளியே சாய்ந்தது. கீழே இறங்கித் தெருக்கதவில் பிடித்தாள், அங்கேயும் உள்ளே சாய்ந்தது. தெருவிலிருந்து காற்று படிக்கட்டு வழியாக ஏறி நேராக அவள் வீட்டுக்குள் வருகிறது. தெருக்கதவின் பக்கத்தில், முதல் படியில், கீழ்வீட்டு டிரைவர் உட்கார்ந்து நிம்மதியாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷர், தனி ஆள்.

அந்தப் புகை ஒரு கோடாகப் படிக்கட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். தன் புருஷன் யோக்கியன் என்ற சந்தோஷம். கோபம் அதற்கடுத்த நிமிஷமே வந்துவிட்டது.

“அண்ணே, நீங்க இங்க உக்காந்து ஊதறது மத்தியானமும் சாயங்காலமும் மூணாவது மாடியில எங்க வீட்டுக்குள்ள வருது.”

“மூணு மாடி ஏறி உன் வீட்டைத் தேடிக்கிட்டா வருது? நான் விலாசம் எழுதியா அனுப்பறேன்?”

“இந்தச் சுவரெல்லாம் பகல் பூரா வெயிலை வாங்கி வெச்சிருக்கு. அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேரவே சாயங்காலம் ஆயிடுது. படிக்கட்டுக் காத்து சூடாகி மேல போகுது. வெளிய ஆறிப்போன காத்து கனமா நிக்குது. அது இந்தக் கதவு வழியா உள்ள தள்ளிக்கிட்டு வரும்போது உங்க புகையையும் கூட்டிக்கிட்டு வருது.”

“சரிம்மா, சாயங்காலம் ஊதறேன், ஒத்துக்கறேன். மத்தியானமும் வருதுங்கறியே. மத்தியானம் நான் இங்க இருக்கறதே இல்லையே. மக வீட்டுல சாப்பிடப் போயிடறேன்.”

“அப்ப மத்தியானம் வந்து ஊதறது யாரு, உங்க ஆவியா?”

முதல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுக் கணவரும் இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகக் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா. தப்புதான். இனிமே இங்க உக்காரல” என்று சொல்லிவிட்டு டிரைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக்கா கணவரின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் யாரிடமும் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை.

“உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“விடும்மா, அதனால என்ன” என்று அவர் கையை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். அழுகிறவளிடமிருந்து அவ்வளவு அவசரமாக ஏன் கையை இழுக்க வேண்டும் என்பதை அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. அவள் யோசிக்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

சாயங்கால வாசனை அதோடு நின்றது. மத்தியான வாசனை நிற்கவில்லை. டிரைவர் வேண்டுமென்றே செய்கிறார், திட்டியதற்குப் பழிவாங்குகிறார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒரு நாள் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசனை கீழேயிருந்துதான் வரவேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. முப்பது வருஷமாக அவள் பார்த்த காற்றெல்லாம் கீழே நுழைந்து மேலே போன காற்றுதான். வேலைநாளில் நீராவிக் குழாய் ஆறி அவள் பார்த்ததே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாய்லர் நின்றுபோனது. அதைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் தம்பி ஸ்பேனரோடு அதற்கடியில் புகுந்துகொண்டான். காலையில் தொங்கவிட்ட சிட்டங்கள் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேறு வேலை இல்லாமல், நூலக்கா கூடத்துக்குள் நடந்தாள். கணுக்காலில் ஜில்லென்று ஏதோ பட்டது. வெளியே தார் உருகுகிற வெயில். குனிந்து பார்த்தாள்.

பலகைச் சன்னல்களில் கட்டிய நூலெல்லாம் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். அங்கே நூலெல்லாம் உள்பக்கம்.

“தம்பி, எல்லா நூலும் தலைகீழா நிக்குதே.”

“பின்ன நிக்காம என்னக்கா பண்ணும்” என்று பாய்லருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “கீழ சூடு இல்ல. அவ்வளவு ஈரமும் காயறப்ப காத்தைக் குளிர வெச்சிடுது. சுவரும் ரெண்டடி கனம். குளிர்ந்த காத்து கனத்துப் போயி கீழ வழியா வெளிய ஒழுகுது. வெளி வெயில் காத்து மேல வழியா வந்து அந்த எடத்தைப் பிடிச்சுக்குது.”

ரெண்டடி கனச் சுவர் அவள் வீட்டுப் படிக்கட்டிலும் உண்டு. சாயங்காலம் சூட்டைக் கக்குகிற அந்தச் சுவர் மத்தியானத்தில் கிணற்றுக்குள் இருப்பதுபோலக் குளிர்ந்திருக்கும். அதற்காகவே ஒரு நிமிஷம் அதில் சாய்ந்து நின்றுவிட்டு அவள் மாடி ஏறுவாள். மத்தியானத்துக் காற்று அந்தப் படிக்கட்டில் ஏறாது, இறங்கும். கீழே பிடிக்கிற சிகரெட் தெருவுக்குத்தான் போகும். மூன்றாவது மாடிக்கு வாசனை வர வேண்டுமானால் அது மேலேயிருந்துதான் வர வேண்டும்.

மேலே மொட்டை மாடி. மேல் வீடு என்பதால் அதன் சாவி தொங்குவது அவள் வீட்டு வாசலோர ஆணியில்.

கூடத்தைப் பூட்டினாளா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. தெருக்கதவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. டிரைவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. இடுப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கதவருகே பிடித்தாள். நூல் தெருவைப் பார்த்து நீண்டது. இது பொய்யாக இருக்கக்கூடாதா என்று அப்போதும் அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது.

முதல் மாடியில் வாசனை இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் லேசாக இருந்தது. மூன்றாவது மாடியில் அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மேசைமேல் ஒரு மிஷின் பெல்ட் கழன்று கிடந்தது, நாற்காலி காலி. சாவி ஆணியில் சாவி இல்லை. மீதிப் பன்னிரண்டு படியையும் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். மேலிருந்து அனல் காற்று முகத்தில் அடித்தது, கூடவே சிகரெட்.

மொட்டை மாடிக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லைக் காலால் தள்ளி முட்டுக் கொடுத்திருந்தது. தரையில் அது உரசின சிவப்புத் தூள் சின்ன வட்டமாகப் படிந்திருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சிகரெட்டை ஒளிக்கவில்லை. அது விரலிலிருந்து தானாகக் கீழே விழுந்தது.

“எத்தனை?”

“ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஒண்ணு.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

“உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேனே. அன்னைக்கு?”

“அன்னைக்கும்தான்.”

சிமெண்ட் தரையின் சூடு பாதத்தைச் சுட்டபோதுதான் செருப்பு கையில் இருப்பதே தெரிந்தது.

“கீழ அண்ணனை நாலு பேர் முன்னால அந்தப் பேச்சுப் பேசினேன். நீங்க பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“அவருக்குத் தெரியும். மறுநாளே போயி சொல்லிட்டேன். நீயே அவகிட்ட சொல்லிடு, நான் சொல்லமாட்டேன்னாரு.”

“சொன்னீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அந்தச் செங்கல்லைப் பார்த்தாள். முப்பது வருஷத்துத் தொழில் புத்தி அந்த நேரத்திலும் விடவில்லை.

“கிராம்பு மென்னீங்க. கையில மண்ணெண்ணெய் தடவிக்கிட்டீங்க. வேண்டாத எடத்துல ஆணிகூட அடிச்சீங்க. இவ்வளவு சாமர்த்தியம் பண்ணவரு இந்தக் கதவைச் சாத்தியிருந்தா காத்து உள்ள இறங்கியே இருக்காது. ஆயுசுக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. சாவியும் கையிலதான் இருக்கு. எதுக்கு செங்கல் வெச்சுத் திறந்து வெச்சீங்க?”

கீழே விழுந்த சிகரெட்டைச் செருப்பால் தேய்த்தார், அணைந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“பயம்” என்றார். “அன்னைக்கு மாதிரி இங்க விழுந்துட்டேன்னா? கதவு சாத்தியிருந்தா யாருக்குக் கேக்கும்? அதுக்காகத்தான் காலையில பிடிக்கறதில்ல. பன்னெண்டுக்கு மேலதான் வருவேன். பன்னெண்டரைக்கு நீ வந்துடுவேல்ல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது, அந்த நரைத்த தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கீழே இறங்கிப் போனாள்.

பீரோவின் மேலிருந்து பையை எடுத்தாள். இரண்டு புடவையை மடித்து வைத்தாள். அக்கா வீட்டுக்குப் பஸ் இரண்டு மணிக்கு. மூன்றாவது புடவையை மடிக்கும்போது கை நின்றுவிட்டது. நாளைக்குப் பன்னிரண்டரைக்கு இந்தப் படியில் யார் ஏறி வருவார்கள்? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் பையைப் பழைய இடத்தில் வைத்தாள்.

அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தைரியம் இல்லை.

“சாயங்காலம் கீழ அண்ணன் வீட்டுக்குப் போறோம்” என்றாள். “நீங்கதான் முதல்ல பேசணும். அப்புறம் நான் அவர் கால்ல விழறதா என்னன்னு பாக்கறேன்.”

“சரி.”

“அடுத்த வாரம் டாக்டர்கிட்ட நானும் வரேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்றீங்க.”

“சரி. இனிமே சத்தியமா தொடமாட்டேன்மா. இந்தா, சாவியை நீயே வெச்சுக்கோ.”

அவர் கையை நீட்டினார். அவள் சாவியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். தொடமாட்டேன் என்பதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், கட்டிலருகே நின்று. சாவியை வாங்கிக்கொண்டால் அவர் இதைவிட நல்ல இடமாக ஒன்றைக் கண்டுபிடிப்பார், கதவைச் சாத்திக்கொண்டு, விழுந்தாலும் யாருக்கும் கேட்காத இடமாக. இடுப்பிலிருந்து ஒரு துண்டு நூலை உருவி அவர் கையில் வைத்தாள்.

“இதை மேல கதவு நிலையில கட்டிட்டு வாங்க. சாவி அந்த ஆணியிலயே தொங்கட்டும். கதவை மட்டும் என்னைக்கும் சாத்திடாதீங்க.”